தண்ணிவண்டி

என் தாய்மாமாவிடம் ஒரு டி.வி.எஸ். 50 இருந்தது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும். அதில்தான் நானும் மாமாவும் முதுகுளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கடலாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மொய் எழுதிய கையோடு மாமா பந்தலுக்குப் பின்னாலும் போய்வந்திருந்தார்.

வழியில் டார்ச் வெளிச்சம்.

"ஊதுங்கண்ணே."

"சார், இது வண்டியே இல்ல. பெடல் இருக்கு பாருங்க. பெடல் இருந்தா சைக்கிள்தான?"

"ஊதிட்டுப் பேசுங்கண்ணே."

மாமா ஊதினார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயச் சத்து வரைக்கும் சட்டம் பொறுத்துக்கொள்ளும். கருவியில் வந்த எண், மாமா பத்தாம் வகுப்பில் வாங்கிய மொத்த மதிப்பெண்ணைவிடக் கூடுதல். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. முன்பெல்லாம் இதற்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 2019-இல் திருத்தம் கொண்டுவந்து 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். ஆறு மாதம் உள்ளே போகவும் வழி உண்டு.

"சார், வண்டியே ஆறாயிரத்துக்குத்தான் வாங்குனேன். வண்டிய நீங்க வச்சுக்கங்க. மிச்சம் நாலாயிரத்த மாசாமாசம் தந்துடுறேன்."

அவர்கள் ஒப்பவில்லை. கோர்ட்டில்தான் கட்ட வேண்டியிருந்தது. குடித்து ஓட்டுபவருக்குத் துணைபோனால் அதே தண்டனை என்று 188-வது பிரிவு சொல்கிறது. அதைப் படித்த அன்றிலிருந்து எனக்கு மாமாவின் கேரியர் ஆகாமல் போனது.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிச் சட்டம் படிப்பவன் நான் ஒருவன்தான். மாமா என்னிடம் வந்தார்.

"மாப்ள, எது வண்டி, எது வண்டி இல்லன்னு நல்லாப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். நான்கு சக்கரத்துக்குக் குறைந்து, இன்ஜினும் 25 சி.சி.க்கு மேல் போகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள பேட்டரி வண்டிக்கும் சலுகை உண்டு.

"சைக்கிளுக்கு எத்தன சி.சி. மாப்ள?"

"சி.சி.யே கெடையாது மாமா."

மீதியைச் சொல்வதற்குள் மாமா பழைய சைக்கிள் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

அந்த மீதி இதுதான். பாரதிய நியாய சன்ஹிதா 281-வது பிரிவுக்கு சி.சி. தேவையில்லை. பொதுவழியில் உயிருக்கு ஆபத்தாக எதை ஓட்டினாலும், எதன்மேல் சவாரி செய்தாலும் ஆறு மாதம் வரை கிடைக்கும். சைக்கிளும் அதில் அடக்கம், மாட்டுவண்டியும் அடக்கம். சரி, நடந்தே போகலாம் என்றால் அடுத்து 355 நிற்கிறது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை.

சமூக சேவை என்றதும் மாமா முகம் மலர்ந்தது. "அதத்தான மாப்ள தெனமும் செய்றேன். கவர்மெண்டு கடைய யாரு நடத்துறதுன்னு நெனக்கிற?"

வெளிநாட்டு நிலவரத்தையும் எடுத்துச் சொன்னேன். இங்கிலாந்தில் 1872-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குடித்துவிட்டு வண்டியையோ குதிரையையோ மாட்டையோ நீராவி இன்ஜினையோ தெருவில் கொண்டுபோனால் குற்றம்.

"மாட்டப் புடிச்சிக்கிட்டு நடந்தாலுமா? நல்லவேள, வெள்ளக்காரன் போய்ட்டான்."

ஜப்பானில் 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். சைக்கிள் கொடுத்தவரும் ஊற்றிக் கொடுத்தவரும்கூடத் தப்ப முடியாது.

"நான் சாயல்குடியவே தாண்டுறதில்ல. ஜப்பானுக்கு எதுக்குப் போறேன்?"

பத்து மணிக்குக் கடை அடைத்த பிறகு மாமா சைக்கிளில் கிளம்பினார். எங்கள் ஊர்ப்பக்கம் சாலையின் இரண்டு ஓரத்தையும் சீமைக்கருவேலம்தான் காவல் காக்கிறது. அது ஊதச் சொல்லாது, லைசென்ஸ் கேட்காது, பெடல் இருக்கிறதா என்று பார்க்காது. சாலை வளைந்த இடத்தில் மாமா வளையவில்லை.

விடிகாலை நாலு மணிக்கு அத்தை எட்டுக் குடம் வைத்த தள்ளுவண்டியோடு குழாயடிக்குப் போனபோது, புதருக்குள் சைக்கிள் மணி கேட்டது. மாமாவின் முழங்கை மணிமேல் கிடந்தது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. குடங்களை ஓரமாக இறக்கி வைத்தார். எனக்கு ஆள் அனுப்பினார். முள்ளோடு சேர்த்து மாமாவைத் தூக்கி வண்டியில் சாய்த்தோம். சைக்கிளை நான் உருட்டினேன்.

பின்னாலேயே நடந்தபடி யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டிக்கு இன்ஜின் இல்லை, மாடு இல்லை. தள்ளுகிறவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர். நான் படித்த எந்தப் பிரிவாலும் அதை நிறுத்த முடியாது. மாமா இத்தனை நாள் தேடிய வண்டி வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறது.

தெருமுனையில் காலிக் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்:

"என்ன மதினி, இன்னைக்கித் தண்ணி வந்துருச்சா?"

அத்தை வண்டியை நிறுத்தவில்லை.

"வந்துருச்சு. தள்ளிக்கிட்டுத்தான் போறேன்."