ஹவுஸ் ஓனர் ஆவது எப்படி?

சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டால் கால் மேல் கால் போட்டு உட்காரலாம் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அநேகமாக அவர் ஃபிளாட் விற்பவராக இருப்பார். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மேடவாக்கம் பக்கம் 80 லட்சத்துக்கு ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட். கையிலிருந்து 20 லட்சம், மீதி 60 லட்சம் வங்கிக் கடன். எட்டரை சதவீத வட்டி, 20 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 52,000 ரூபாய் கட்ட வேண்டும். வாடகை 20,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,40,000. அதாவது வீட்டின் விலையில் மூன்று சதவீதம். அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி, ஆள் மாறும்போதெல்லாம் பெயிண்ட் என்று அதிலும் கை வைத்துவிடுவார்கள்.

பிறகு ஏன் ஆளாளுக்கு வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள்? மனை விலை ஏறும் என்ற நம்பிக்கை ஒன்று. இன்னொன்று, எந்த ஆடிட்டரும் கணக்கில் காட்டாத ஒரு வருமானம்: அதிகாரம். ஆபீஸில் மேனேஜர் முன்னால் வாய் திறக்காதவரைப் பார்த்ததும், மாடிப்படியில் ஒரு குடும்பமே ஒதுங்கி நின்று “சொல்லுங்க சார்” என்கிறதே, அதற்கு எந்த வங்கி வட்டி தரும்? அந்த வருமானத்தைப் பாக்கியில்லாமல் வசூலிக்கும் வழிமுறைகள் இதோ.

1. ஆள் பார்த்து விடுங்கள்

டூ-லெட் போர்டில் போன் நம்பர் மட்டும் இருந்தால் போதும். வாடகை எவ்வளவு என்று எழுதிவிடாதீர்கள்; அழைப்பவரின் குரலைக் கேட்டுத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். போனில் நடக்க வேண்டிய உரையாடல் இப்படி:

“ஃபேமிலியா?”

“ஆமா சார். நான், வைஃப், ஒரு குழந்தை.”

“ஊர்லேருந்து யாராவது வருவாங்களா?”

“அம்மா எப்பவாவது வருவாங்க சார்.”

“எப்பவாவதுன்னா எத்தனை நாள்?”

“ஒரு வாரம், பத்து நாள்...”

“நான்-வெஜ் உண்டா?”

“ஞாயித்துக்கிழமை மட்டும் சார்.”

“வீடு முடிஞ்சிடுச்சுப்பா.”

முடிந்த வீட்டின் போர்டு அடுத்த நான்கு மாதமும் அதே கேட்டில் தொங்கலாம். தவறில்லை.

சாதி கேட்பது அநாகரிகம். ஆகவே நேரடியாகக் கேட்காதீர்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, குலதெய்வம் எது என்று அன்பாக விசாரித்தால் போதும். நான்கு பதிலில் விஷயம் வந்துவிடும். நீங்களும் முற்போக்காளராகவே நீடிக்கலாம்.

2. அட்வான்ஸ் வாங்குங்கள்

சென்னையில் வழிவழியாக வந்த கணக்கு பத்து மாத வாடகை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. அந்த ‘ஒழிய’ என்ற சந்து போதும் நமக்கு. பத்து மாதமும் அதற்குள் தாராளமாக நுழையும். “இந்த ஏரியாவுல எல்லாரும் இதான் சார் வாங்குறாங்க” என்று சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை மறுத்து எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது.

3. அக்ரிமென்ட் போடுங்கள்

11 மாதத்துக்குப் போடுங்கள். ஏன் 11 என்று கேட்டால், “அப்படித்தான்” என்று சொல்லுங்கள். ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவுக்குப் பயந்து நம் தாத்தா காலத்தில் கண்டுபிடித்த உத்தி இது. புதிய வாடகைச் சட்டத்திலோ எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். அது உங்கள் பாதுகாப்புக்கும்தான். ஆள் வாடகை தராமல் உட்கார்ந்துவிட்டால், பதிவில்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு வழக்காடுவது பெரும்பாடு. ஆனால் பதிவு செய்தால் வாடகைத் தொகை அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுமே! ஆகவே ஸ்டாம்ப் பேப்பரில் டைப் அடித்து பீரோவில் பூட்டிவையுங்கள்.

4. பான் நம்பரைக் கண்ணில் காட்டாதீர்கள்

வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பவர், வீட்டுக்காரரின் பான் நம்பரை ஆபீஸில் கொடுக்க வேண்டும். ஜனவரி வந்தால் தலையைச் சொறிந்துகொண்டு மாடியிலிருந்து இறங்கி வருவார். “கொடுக்கலாம்பா, ஆனா வாடகை ரெண்டாயிரம் ஏறும்” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். உள்ளபடி, சொத்து வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை, ஒரு ரசீதும் கேட்காமல் வருமான வரிச் சட்டமே கழித்துக்கொள்ள விடுகிறது. இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறைக்கும் சுகம் போயிருக்கும்.

5. தண்ணீரையும் கரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

கீழே நீங்கள், மேலே அவர்கள் என்று தனி வீடாக அமைந்துவிட்டால் பாக்கியசாலி. மோட்டார் சுவிட்ச் உங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். காலை ஆறிலிருந்து ஆறே கால் வரை போடுங்கள். துணி துவைக்கும் சத்தம் கேட்டால், “2019 மறந்துபோச்சா? லாரித் தண்ணிக்கு எப்படி அலைஞ்சோம்!” என்று படியில் நின்று பொதுவாகச் சொல்லுங்கள். எரிச்சலில் பைப்பை அடைத்துவிடாதீர்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. “மோட்டார் ரிப்பேர், ஆள் வரல” என்பதைத் தடுக்கும் சட்டம் இன்னும் வரவில்லை.

மின்சாரத்துக்கு சப்-மீட்டர் வையுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. அது உங்கள் பேரில் உள்ள இணைப்பு என்பதால், இலவசம் உங்களுக்கு, யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் அவர்களுக்கு.

6. ரிப்பேர் என்றால் காது கேட்காது

சட்டத்தின் அட்டவணை இதைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. இரண்டாவது வாக்கியத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துப் படிக்கட்டில் ஒட்டிவிடுங்கள்.

7. காலி செய்யும் நாள்

இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு அறுவடை இன்றுதான். சாமான்கள் வண்டியில் ஏறியதும் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். ஹாலில் குழந்தையின் உயரத்தைக் குறித்துவைத்த பென்சில் கோடுகள் நாலைந்து இருக்கும். கோடு ஒன்றுக்கு ஒரு பெருமூச்சு விடுங்கள். ஆணி அடித்த ஓட்டைகளை விரலை விட்டுப் பார்த்து எண்ணுங்கள். அதற்கு முன்பு குடியிருந்தவர் அடித்ததையும் சேர்த்தே எண்ணுங்கள். அவரிடம் வாங்கியாகிவிட்டது என்பது இவருக்குத் தெரியாது. பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை, ‘கிளீனிங்’ தனி. மிச்ச அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. “அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், தர்றேன்” என்று நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பணம் மகளின் கல்யாணத்தில் எப்போதோ செலவாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

சந்தேகம் தெளிவோம்

*கேள்வி:* எல்லா விதிகளையும் பின்பற்றினேன். ஆறு மாதமாக வீடு காலி. வாடகை போனால் போகட்டும், ஆணி அடிக்காதே என்று சொல்லக்கூட ஆள் இல்லை. வாடகையை 18,000 ஆக்கிவிடலாமா?

*பதில்:* கூடவே கூடாது! மாதம் 2,000 குறைத்தால் வருடத்துக்கு 24,000 நஷ்டம். ஆறு மாதம் பூட்டிக் கிடந்ததில் 1,20,000 போயிற்றே, அது ஐந்து வருடத் தள்ளுபடிக்குச் சமமாயிற்றே என்று மருமகன் கணக்குப் போட்டுக் காட்டுவார். அது சும்மா வராமல் போன பணம். குறைத்தால் மானம் போகும். போர்டில் எழுத்து மங்கியிருந்தால் புதிதாக எழுதி மாட்டுங்கள். அந்தச் செலவை அடுத்து வருபவரின் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்.