‘மிகவும் பயனுள்ள நூல்’: கடைசித் தாள் குறித்த ஓர் ஆய்வு

பள்ளி வரலாற்று புராஜெக்டின் உடற்கூறு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முன்னால் சம்கி ஒட்டிய அட்டை, நடுவில் பிரிண்ட் எடுத்து வெட்டி ஒட்டிய படங்கள், கடைசியில் ‘உதவிய நூல்கள்’. அட்டைக்கு மூன்று நாள் ஆகும். கடைசித் தாள், ஒப்படைக்கும் நாள் காலையில் வேன் ஹாரன் அடிப்பதற்குள் முடிந்துவிடும். நூலின் பெயரோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி குறிப்பும் எழுதிவா என்று வரலாற்று டீச்சர் சொல்லும்போதுதான் ஆய்வுக்குரிய சிக்கல் பிறக்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, 1806 வேலூர்ப் புரட்சி பற்றிய ஒரு புராஜெக்ட். பட்டியலில் ஐந்து உருப்படிகள். ஐந்துக்கும் ஒரே குறிப்பு: ‘இந்நூல் மிகவும் பயனுள்ளதாக இருந்தது.’ ஐந்தாவது உருப்படி கூகுள். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் கூகுள்தான்.

இச்சொற்றொடரின் தோற்றம் பற்றி இரு கொள்கைகள் நிலவுகின்றன. அண்ணனின் பழைய புராஜெக்டிலிருந்து வழிவழியாக இறங்கி வந்தது என்பது ஒன்று. பிள்ளை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா எழுதியது என்பது மற்றொன்று. முன்பக்கங்களில் குட்டையாக இருந்த ‘ழ’வின் வால் கடைசித் தாளில் மட்டும் நீண்டு வளைவதால், இரண்டாவதே வலுவுடையது.

குறிப்பு எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. தமிழில் அச்சான நூல்களை வகைப்படுத்தி 1865இல் சென்னையில் பட்டியல் வெளியிட்ட ஜான் மர்டாக், நூல்களைப் பற்றிச் சிறு குறிப்புகளும் சேர்த்தார். மிஷனரிக் கண்ணாடி போட்டுப் பார்த்த குறிப்புகள்தான். இருந்தாலும் அவற்றில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. உ.வே.சாமிநாதையரோ எந்த ஏடு யாரிடம் கிடைத்தது, அது எந்த நிலையில் இருந்தது என்பதைப் பதிப்பு முன்னுரைகளிலேயே எழுதிவைத்தார். எல்லா ஏடும் மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று அவர் முடித்துக்கொள்ளவில்லை.

இனி மாதிரிக்குத் திரும்பலாம். முதல் உருப்படி, கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி எழுதிய விவரம். ஜூலை 10 அன்று கணவர் கொல்லப்பட, அவர் குழந்தைகளோடு ஒளிந்து உயிர் தப்பினார். நேரில் இருந்தவர் எழுத்து என்பதால் முதன்மைச் சான்று. ஆனால் ஒளிந்திருந்தவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் சிப்பாய்களை எப்படிக் கொதிக்கவைத்தன என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். குறிப்பில் வர வேண்டிய செய்தி இதுதான்.

இரண்டாவது, ஹென்றி நியூபோல்ட்டின் ‘கில்லெஸ்பி’ என்ற ஆங்கிலக் கவிதை. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்துவந்து கோட்டையை மீட்ட கில்லெஸ்பிதான் அதன் நாயகன். கவிஞர் பிறந்ததே 1862இல். ஆகவே இது வேலூரைவிட இங்கிலாந்தின் பெருமிதத்துக்கே நல்ல சான்று. மூன்றாவது, இருநூறாம் ஆண்டுக்கு 2006இல் வந்த அஞ்சல்தலை. அதைப் பார்த்து 1806இல் நடந்ததை அறிய முடியாது. 2006இல் அரசு எதை நினைவுகூர விரும்பியது என்று அறியலாம். தாத்தாவின் ஸ்டாம்ப் ஆல்பத்திலிருந்து பிய்த்து ஒட்டியதால் ஓரத்துப் பல் இரண்டு போயிருப்பதையும் ஆய்வு நெறிப்படி பதிவு செய்ய வேண்டும். நான்காவது, பாடநூல். இதற்கு ஒரு வரி போதும்: நிகழ்ச்சிகளின் வரிசையைச் சரிபார்க்க உதவியது.

டீச்சர் திருப்பிக் கொடுத்த பிறகு மாணவி இந்த நான்கு குறிப்புகளையும் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். ‘ழ’வின் வால் குட்டையாகிவிட்டது. ஐந்தாவதில் மட்டும் பழைய வாக்கியம் அப்படியே நிற்கிறது. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, டீச்சர் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார்: ‘நூலா?’