குருவி வாலுல பனங்காய்

ஆகட்டும் தம்பி, 40 குதிரைவலு மோட்டாரே வாங்கு. காசல்ரீ நீர்த்தேக்கத்துல உறுமுறது யார் வீட்டுப் பிள்ளைன்னு நோர்வூட் கடைத்தெரு வரைக்கும் தெரியட்டும். லயத்துக்குப் பின்னால தார்ப்பாயில மூடி வச்சிருக்கியே, பத்தடி வள்ளம், நீ இல்லாத நேரம் நானும் தட்டிப் பாத்தேன். முன்னுக்கு ரெண்டு பக்கமும் மிதவை, நடுவுல காத்துப் போக வழி, ஒட்டுன பிளைவூட்டுல ஒரு விரிசல் இல்ல. கெட்டிக்காரன்தான். வள்ளம் ஐம்பது கிலோ வரும்னு நீயே சொன்னே. நீ கேக்குற மோட்டாரு எழுபதைத் தாண்டும். குருவி தலையில பனங்காய்னு அந்தக் காலத்துல சொன்னாங்க. நீ அதை வாலுல கட்டப் பாக்குறே.

சிரிக்காதே, கேளு. இந்த மாதிரி வள்ளம் வேகம் பிடிச்சா முன்மிதவை ரெண்டும் புரொப்பெலரும் மட்டுந்தான் தண்ணியில இருக்கும். மிச்சமெல்லாம் காத்துல. பின்னுக்குப் பாரம் கூடுனா மூக்கு தூக்கும், மூக்கு தூக்குனா அடியில இன்னும் காத்து புகும், அப்புறம் வள்ளம் உன்னைக் கேக்காமலே மல்லாந்துக்கும். டொனால்ட் காம்பெல்னு ஒரு வெள்ளைக்காரரு, இங்கிலாந்து கொனிஸ்டன் ஏரியில 1967 ஜனவரி 4ஆம் தேதி, மூக்கு தூக்கித்தான் உயிரை விட்டாரு. அவருக்கு இருந்தது ஜெட் எஞ்சின்.

உன் பக்கத்துக்கும் ஒரு சாட்சி இருக்கு, மறைக்க மாட்டேன். கென் வார்பின்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரன் சிட்னியில வீட்டுக் கொல்லையிலயே வள்ளம் கட்டி, விமானப்படை கழிச்சுப் போட்ட எஞ்சினை வாங்கிப் பூட்டினான். 1978 அக்டோபர் 8ல மணிக்கு 511 கிலோமீட்டர் ஓட்டினான். அதை இன்னும் ஒருத்தனும் முறியடிக்கல. ஓட்டினதும் பிளவரிங்னு ஒரு அணைக்கட்டுத் தண்ணியில. அதுக்கு முந்தின வருசம் அவன் ஓட்டினது 464தான். படிப்படியா ஏறின ஆளு. நீ முதல் நாளே வீடியோ எடுக்க மச்சானை வரச் சொல்லியிருக்கே.

சரி, எது வாங்கலாம்னு கேட்டா, 15 குதிரை, ரெண்டு ஸ்ட்ரோக், குட்டைத் தண்டு. முப்பத்தாறு, முப்பத்தேழு கிலோதான் வரும். அதே 15ஐ நாலு ஸ்ட்ரோக்குல வாங்கினா ஐம்பது கிலோ. சத்தம் குறைவு, பெற்றோல் மிச்சம், சுற்றுலாக்காரங்களைக் கிரகரி வாவியில சுத்திக் காட்ட அருமையான சாமான். உன் வள்ளத்துக்கு அந்தப் பதினாலு கிலோ வில்லங்கம். தண்டு 15 அங்குலத்துலயும் வரும், 20 அங்குலத்துலயும் வரும். நீளம் நல்லதுன்னு கடைக்காரன் சொல்வான், அவனுக்கு விக்காமக் கிடக்குறது அதுதான். புரொப்பெலருக்கு மேல ஒரு தட்டைத் தகடு இருக்கும் பாரு, அது வள்ளத்தோட அடிமட்டத்துக்குச் சமமா, இல்ல ஒரு விரல் மேல நிக்கணும். அதுக்குக் கீழ போனா தண்ணி பிடிச்சு இழுக்கும்.

இன்னொரு சங்கதி, நீர்கொழும்பு மோட்டார்க் கடைக்காரன் சொல்ல மாட்டான். ஒவ்வொரு 300 மீட்டர் மேல ஏறும்போதும் மோட்டாரோட பலத்துல நூத்துக்கு மூணு போயிரும், காத்து மெலிசா இருக்கிறதால. கடற்கரையில 15 குதிரை காசல்ரீக்கு வந்தா பதிமூணு சொச்சம். 1,868 மீட்டர்ல இருக்கிற நுவரெலியாவுக்குக் கொண்டு போனா பன்னெண்டுதான். மூடியில மட்டும் 15னே எழுதியிருக்கும். மடுவத்துல கொழுந்து நிறுக்கையில ஈரக் கழிவுன்னு கிலோ பிடிச்சா சண்டைக்குப் போற ஆளு நீ. மலை பிடிக்கிற கழிவுக்கு எந்த யூனியன்ல போய்ச் சொல்லுவே? காத்துக் குறைஞ்சாலும் கார்புரேட்டரு பழைய கணக்குலயே பெற்றோலை ஊத்தும், பிளக் கரிபிடிச்சுப் போகும். கார்புரேட்டருக்குள்ள பெற்றோல் விடுற ஜெட்டை ஒரு சைஸ் சின்னதாப் போடு. புரொப்பெலரோட பிட்ச்சை ஒரு அங்குலமோ ரெண்டோ குறை. முழுசா முறுக்கும்போது கம்பெனிப் புத்தகத்துல போட்ட சுற்றுக்கு எஞ்சின் வரணும், வராட்டி இன்னும் குறை. உன் 40க்குச் செலவழிக்க நினைச்ச காசுல இந்த ரெண்டு சாமானுக்கும் கால்வாசி ஆகாது.

பழசு வாங்கப் போறியா? வாங்கு, நானும் பழசுதான். ரெண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாரு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கிட்டக்கிட்ட இருந்தா நல்லது. கியர் எண்ணெய் பால் நிறத்துல வந்தா உள்ளே தண்ணி போயிருக்கு, தேத்தண்ணி குடிச்சிட்டு எழும்பி வந்துரு. ஓட்டிக் காட்டச் சொல்லி, பக்கத்துல சின்ன ஓட்டை வழியாத் தண்ணி பீச்சுதான்னு பாரு. உப்புத்தண்ணியில ஓடின மோட்டாருல அந்த வழி அடைச்சுக்கும். மண்ணெண்ணெய் மோட்டாரு மலிவா வந்தா விட்டுரு. பெற்றோல்ல பத்தவச்சு அப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாத்துற அந்தச் சாமான் வலை இழுக்கிறவங்களுக்கு ஆகும், கனத்துக்கு ஏத்த வேகம் வராது. பெற்றோலோட எண்ணெய் கலக்க மறக்காதே, வழக்கமா ஐம்பதுக்கு ஒண்ணு. தேயிலை ஸ்டோருல மெசின் சாமி ரோதமுனிக்குப் பூசை போட்ட நாள்லகூட நாங்க மெசினுக்கு எண்ணெய் விடாம ஓட்டினதில்ல.

ஓட்ட காசல்ரீக்கே போ, மவுசாகலை வேணாம். 1969ல அங்க அணை கட்டினப்ப பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போச்சு. கோடையில மட்டம் இறங்கினா கோயில் தலை காட்டும். சாமி கும்பிட அவசரமாப் போறது நல்ல பழக்கம்தான், புரொப்பெலரோட போறது மரியாதை இல்ல. காசல்ரீயும் 1965ல விமலசுரேந்திர மின்நிலையத்துக்காகத் தேக்கினது, அணைப் பக்கம் போகாதே. மட்டம் இறங்கின காலத்துல அடிமரக்கட்டையும் இருக்கும், மெதுவா ஒரு சுத்து வந்து பாத்துட்டு முறுக்கு. மோட்டாரை நிறுத்துற கயிறு கையில கட்டியிருக்கணும். நீ விழுந்தா அதுவும் நிக்கணும், உன்னைத் தேடி வட்டம் போடக் கூடாது.

இவ்வளவும் கேட்டுட்டு நாளைக்கு நீ 40க்கே அட்வான்ஸ் கட்டுவேன்னு எனக்குத் தெரியும். கட்டு, ராசா. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன்: லயத்துல இருந்து தண்ணிக்கரை வரைக்கும் அத்தனை படி. முப்பத்தாறு கிலோன்னா நீ ஒருத்தனே தோள்ல போட்டுக்குவே. எழுபதுக்கு மேலன்னா என்னைக் கூப்பிடுவே. அன்னைக்கு எனக்கு முழங்கால் வலி, இப்பவே சொல்லிட்டேன்.