இளைஞர்பணி இலக்கணம்: கத்துக்குட்டி உரையுடன்

பாயிரம்

மாட்டுக்குச் சுழி இலக்கணம் உண்டு. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இளைஞர்பணி என்னும் தொழிலில் கால் வைக்கப் போகிறவர்க்கு மட்டும் தமிழில் ஓர் இலக்கணம் இல்லை. அக்குறை நோக்கி எழுந்தது இந்நூல். ஆக்கியோன் பத்தொன்பது ஆண்டு களத்தில் இருந்தவன்; அதில் ஐந்தாறு ஆண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தவை. கேட்போர், இரண்டாமாண்டு எம்.எஸ்.டபிள்யூ. மாணவரும் அவர்தம் பெற்றோரும். பயன் என்னையோ எனின், வரன் பேசும் இடத்தில் சொல்ல ஒரு விடை.

அப்பயன் சிறிதென்று எண்ணற்க. ஆக்கியோனுக்குப் பெண் பார்த்தபோது தாய்மாமன் நிகழ்த்திய விசாரணை வருமாறு:

“மாப்ள, இளைஞர் பணின்னா பசங்களுக்கு வேலை வாங்கித் தர்றதா?”

“இல்ல மாமா.”

“அப்ப டியூஷனா?”

“இல்ல மாமா.”

“விளையாட்டு வாத்தியாரா?”

“கொஞ்சம்.”

“சம்பளம்?”

“மதிப்பூதியம்.”

மாமா அதற்குமேல் கேட்கவில்லை. பெண் வீட்டாரிடம் “கவர்மெண்ட் மாதிரி” என்று சொல்லிவிட்டார். ‘மாதிரி’ என்பது உவம உருபு என்க.

பெயரியல்

இனி, இளைஞர் என்பார் யாவர்? ஐக்கிய நாடுகள் சபை 15 முதல் 24 வயது என்கிறது. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 என்றது. 2014ஆம் ஆண்டுக் கொள்கை 15 முதல் 29 என்றது. அந்த ஒரே அறிவிப்பில் முப்பதிலிருந்து முப்பத்தைந்து வரை இருந்த அத்தனை பேருக்கும் நரை கண்டது. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வரை வளரிளம் பருவம் என்கிறது. சிறார் நீதிச் சட்டம் பதினெட்டு நிறையாதவர் எல்லாரும் குழந்தை என்கிறது. ஆகவே பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஜெனீவாவில் வளரிளம் பருவத்தினன், நீதிமன்றத்தில் குழந்தை, டெல்லியில் இளைஞன், வீட்டில் தண்டச்சோறு. பாட்டியல் நூலார் பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவம் வகுத்தனர். ஏழும் முட்டிக்கொள்ளவில்லை, அவர்கள் யாரும் விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்ய வேண்டியிருக்கவில்லை.

கட்சி இளைஞரணிகள் இவ்வியலுள் அடங்கா. அங்கே இளமை பதவியோடு வருவது, பதவியோடு போவது.

களத்தில் வழங்கும் வரையறை ஒன்றுண்டு. ஊர்க் கூட்டத்தில் கடைசி வரை நின்றுகொண்டே இருப்பவரும் ‘உட்காருப்பா’ என்று யாராலும் சொல்லப்படாதவரும் இளைஞர். இதில் வயது வருவதில்லை. சாதி வருகிறது, நிலம் வருகிறது, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பது வருகிறது.

வாயிலியல்

தொழிலின் பெயரையே வேலை விளம்பரத்தில் காணமுடியாது. இங்கிலாந்தில் 1960இல் ஆல்பமார்ல் அறிக்கை வெளியானபின் இளைஞர் பணியாளர் என்பது பயிற்சியும் சம்பள விகிதமும் உள்ள உத்தியோகம் ஆயிற்று. இங்கே அது வேறு பெயர்களுக்குள் மறைந்து வாழும்: புராஜெக்ட் கோஆர்டினேட்டர், களப்பணியாளர், விடுதிக் காப்பாளர், வாழ்வியல் திறன் பயிற்றுநர். அதிகம் பேரை எடுப்பது மொபிலைசர் என்னும் பதவி. திறன் பயிற்சி மையத்தின் நாற்காலிகளை நிரப்ப ஊர் ஊராய்ப் பிள்ளை பிடிப்பதே அதன் இலக்கணம். மட்டமாக நினைக்காதீர்கள், எந்த வீட்டில் யார் படிப்பை நிறுத்தினார் என்பதை மொபிலைசரைப் போல் அறிந்தவர் ஊரில் தபால்காரர் ஒருவரே.

நுழையும் வாயில்கள் பல. முதலாவது முகாம் வாயில். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மாணவரிடம் இரண்டாண்டில் 240 மணிநேரம் கேட்கிறது. ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. ஆண்டுதோறும் அதே குளக்கரையில் அதே சீமைக்கருவேலம் வெட்டப்படும். அது மீண்டும் வளர்ந்து அடுத்த அணிக்காகக் காத்திருக்கும். ஆயினும் ஆறாம் நாள் இரவு, சாம்பார் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தபின், ‘இதையே வேலையாகப் பார்த்தால் என்ன’ என்று நூற்றில் ஒருவருக்குத் தோன்றும். மற்ற தொண்ணூற்றொன்பது பேர் சான்றிதழை லேமினேட் செய்துகொள்வர்.

இரண்டாவது பட்ட வாயில். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், ஸ்ரீபெரும்புதூரில் 1993இல் எழுந்த ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் போன்றவை இதன் கோபுரங்கள். மூன்றாவது மதிப்பூதிய வாயில். நேரு யுவ கேந்திரங்கள் 1972இல் வந்தன. பின்னாளில் அவற்றின் வழியே 18 முதல் 29 வயதுக்குள் தேசிய இளைஞர் தொண்டர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், அதிகம் போனால் இரண்டு ஆண்டு, பிறகு நன்றி. நான்காவது சமய வாயில்: 1844இல் லண்டனில் பிறந்த ஒய்.எம்.சி.ஏ. நந்தனத்தில் உடற்கல்விக் கல்லூரியாக நிற்பதையும், டான் போஸ்கோ சபையார் தெருப்பிள்ளைகளுக்கு அன்பு இல்லம் நடத்துவதையும் சென்னைவாசிகள் அறிவர்.

ஐந்தாவதைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது பேரிடர் வாயில். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரியில் அரிசி மூட்டையோடு போனவர்களில் ஒரு சிலர் திரும்பும் லாரியில் ஏறவில்லை. அவர்களில் பொறியியல் படித்தவர் உண்டு, பாதியில் விட்டவர் உண்டு. அப்பா அம்மாவை இழந்த பதினாறு வயதுப் பையனுக்கு அரிசி போதாது, ஆனால் வேறு என்ன வேண்டும் என்பதும் தெரியாது என்ற நிலையில் அவனோடு மணலில் உட்கார்ந்திருந்ததுதான் அவர்களுடைய நுழைவுத் தேர்வு. இத்துறையில் இருப்பவர்களைத் தொடக்கம் கேட்டால் ஒரு தலைமுறை புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் என்னும், அடுத்தது சுனாமி என்னும், அதற்கடுத்தது 2015 சென்னை வெள்ளம் என்னும். பட்டம் வாங்கிய ஆண்டைச் சொன்னவரை இன்னும் பார்க்கவில்லை.

தகாதாரியல்

ஆசிரியர் ஆகத் தகாதாரை நன்னூலில் பவணந்தி முனிவர் நான்கு பொருளால் காட்டினார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. எழுநூறு ஆண்டுக்கு மேலாகியும் நான்கும் நம் துறையில் மாதச் சம்பளத்தில் இருக்கின்றன.

கழற்குடம், போட்ட வரிசை ஒன்றும் விழும் வரிசை ஒன்றுமாகக் கழற்சிக்காய் உருட்டும் குடம். ஒருநாள் பயிற்சியில் தன்னம்பிக்கை, டெங்கு, சாலைப் பாதுகாப்பு, இலக்கு நிர்ணயம், ரத்ததானம் அத்தனையும் கொட்டுபவர் இவ்வகை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எனர்ஜைசர் என்று கைதட்ட வைப்பார்.

பருத்திக்குண்டிகை குறுகிய வாயுள்ள குடுக்கை. பஞ்சைத் திணிப்பதும் பாடு, பிடுங்குவதும் பாடு. புதிதாய்ப் பட்டம் வாங்கியவர் பெரும்பாலும் இவ்வகை. “அண்ணே, காலேஜ் ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள்” என்று பையன் வந்து நிற்கும்போது வாழ்வாதாரக் கட்டமைப்பு பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். ஓரிரு மழைக்காலத்தில் சரியாகிவிடும்.

மடற்பனையில் ஏற முடியாது, தானாக விழுந்தால் பொறுக்கலாம். ஜீப்பின் கண்ணாடியை இறக்காமலே ஆய்வு முடிப்பவர்.

முடத்தெங்குதான் கொடிது. ஒருவர் தண்ணீர் ஊற்ற, பக்கத்து வளவில் காய் போடும் கோணல் தென்னை. மூன்று வருஷம் ஒரு கிராமத்துப் பையன்கள் இவருக்கு எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள்: எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், திருவிழாவில் எந்த நேரம் அடிதடி தொடங்கும், யாரிடம் பேசினால் நிற்கும். அவ்வளவும் ஏறியபின் பெருநகரத்து நட்சத்திர ஓட்டலில் ‘கிராமப்புற இளைஞர்: சவால்கள்’ என்று திரையில் படம் ஓட்டுவார். கற்றுக்கொடுத்தவர்கள் பெயர் அதில் வராது. இவ்வகைக்கு எடுத்துக்காட்டு தேட ஆக்கியோன் வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

திணையியல்

தொழில் நிகழும் நிலம் ஐந்து: டீக்கடை, பாலக்கட்டை, பஸ் ஸ்டாப், சலூன், மைதானம். டீக்கடையின் உரிப்பொருள் இருத்தல். பஸ் ஸ்டாப்பின் உரிப்பொருள் பிரிதல். சலூனில் இரங்கல், பெரும்பாலும் முடியைப் பற்றி. மைதானம் தன் இயல்பு திரிந்து மனைப்பிரிவு ஆகும்போது பாலை என்று படும். பணியாளர் இளைஞரை விரும்ப அவர் இவரைத் திரும்பிப் பாராமை கைக்கிளை. நாற்பத்தெட்டு வயதில் இளைஞர் மன்றத் தலைவராக நீடித்தல் பெருந்திணை.

பொழுது கூறுங்கால், களத்துக்குச் சிறுபொழுது மாலை ஆறு முதல் இரவு பத்து. அலுவலகத்துக்குச் சிறுபொழுது காலை பத்து முதல் மாலை ஐந்து. இரண்டும் ஒன்றையொன்று கண்டதில்லை. சேர்ந்து ஒரு மாதம் வரை நானும் காலை பதினொரு மணிக்கு ஊருக்குப் போய், ‘இளைஞர்கள் ஆர்வம் காட்டவில்லை’ என்று ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி ஓர் ஐயம். இளைஞர் என்னும் சொல் எப்பால்? பலர்பால், ஆணும் பெண்ணும் அடங்கும். என் பதிவேடு ஆண்பால். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் எட்டு மாதம் வேலை செய்து எண்பத்தாறு பெயர் சேர்த்திருந்தேன். பார்வையிட வந்த மூத்த பணியாளர் அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு, “ஏம்ப்பா, இந்த ஊர்ல பொண்ணுங்களே பொறக்கலியா?” என்றார். நான் வகுத்த ஐந்து நிலத்திலும் பெண் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்பது அப்போதுதான் தலையில் ஏறியது. “விடியக்காலை போய் மெயின் ரோட்டுல நில்லு” என்றார். நின்றேன். ஐந்து மணிக்கு, இருட்டில், முதல் ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்காகப் பதினான்கு பெண்கள், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பாக்ஸுமாக. ஒரு முகமும் நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு என்னைத் தெரிந்திருந்தது; “கேரம் போர்டு சார்தானே?” என்று ஒருத்தி கேட்டாள். பஸ் வர ஏழு நிமிடம் இருந்தது. அந்த ஏழு நிமிடத்துக்காகப் பிறகு வாரம் இரண்டு நாள் போனேன். பி.எஃப். கணக்கு எண் எங்கே பார்ப்பது, கரஸில் டிகிரி சேரக் கடைசித் தேதி எது, வீட்டில் நிச்சயம் செய்துவிட்டால் வேலையை விட வேண்டுமா. எல்லாம் நின்றபடியே. தணிக்கையில் ஒரு கேள்வி வந்தது: ‘அதிகாலை 5 மணிக்குத் தேநீர்ச் செலவு: காரணம் தெளிவாக இல்லை.’ வவுச்சரில் ஆறாம் திணை என்று எழுத முடியாது.

மறையியல்

இவ்வியலில் விளையாட்டு இல்லை. புதியவரிடம் ஒருநாள் ஒரு பிள்ளை வந்து, “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று தொடங்கும். சத்தியம் செய்யக் கூடாது. பதினெட்டு நிறையாத ஒருவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது எனத் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கடமை. தெரிவிக்காமல் விடுவது குற்றம். 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்யலாம். கடினம் அதுவன்று. “கேட்கிறேன், ஆனால் சில விஷயத்தை நான் சொல்லியே ஆகணும்” என்று அந்தப் பிள்ளை வாய் திறக்குமுன் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பேசாமல் எழுந்து போய்விடுமோ என்ற பயம் வரும். சில பிள்ளைகள் எழுந்தும் போகும். மறுநாள் அதே இடத்தில் அதே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒழிபியல்

கூட்ட வகை எஞ்சியது. முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வருவர். அது பஜ்ஜிக் கூட்டம். இரண்டாவதற்கு ஏழு பேர். அது பரிதாபக் கூட்டம். மூன்றாவதற்கு இரண்டு பேர். அதில் ஒருவன் சாவி வைத்திருப்பவன். வேலை அங்கே தொடங்குகிறது. புதியவரில் பாதிப் பேர் அந்த வாரம்தான் ராஜினாமா எழுதுகிறார்கள். இதை எந்த நேர்முகத் தேர்விலும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் பத்துநாள் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

இவ்வளவும் வகுத்துக் கையெழுத்துப் பிரதியோடு சென்ற மாதம் அந்தப் பழைய ஊர்ப் பக்கம் போனேன். மூன்றாம் கூட்டத்துக்கு வந்த இருவரில் சாவிக்காரன் இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறான். இரண்டு பெண் குழந்தைகள். டீ வாங்கித் தந்தான். நூலைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான்.

“நாங்களும் உங்க ஆளுங்களுக்கெல்லாம் பேர் வச்சிருந்தோம் சார். போட்டோ சார்னு ஒருத்தர், வந்ததும் பேனரைப் புடிச்சு நிக்க வைப்பார். ஃபார்ம் அக்கா. பிஸ்கட் அண்ணன். இங்லீஷ்லயே அழுத ஒரு மேடம்.”

“எனக்கு?”

கொஞ்சம் யோசித்தான். யோசித்த மாதிரி நடித்தான் என்பதே சரி.

“ஸ்ட்ரைக்கர் சார்.”

“நல்லா ஆடுவேன்னா?”

“கடைசி நாள் எங்க ஸ்ட்ரைக்கரைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிட்டீங்க சார். அதுக்கப்புறம் மூணு மாசம் பாட்டில் மூடியிலதான் ஆடுனோம்.”

வீட்டுக்கு வந்து தேடினேன். பழைய விசிட்டிங் கார்டுகளுக்கு அடியில், பவுடர் வாசனை போகாமல், இருந்தது.