நூறு வயது வீட்டுக்கு சிமெண்ட் பூசலாமா?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு நூறு வயது. சுவர் உதிர்கிறது. சிமெண்ட் பூசினால் புதுசாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. பூசலாமா?

மூச்சுத் திணறும் நூறு வயதுப் பெரியவரின் மூக்கைப் பொத்துவீர்களா? பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூக்கும்; பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்புக் காரையே பூசச் சொல்லுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அதைக் குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் பிடியுங்கள்.

தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் ஒழுகுகிறதே! அதை இந்தக் காலத்தில் யார் சரிசெய்வார்கள்?

சேப்பாக்கம் போய்ப் பாருங்கள். 2012 ஜனவரியில் தீயில் கூரை சரிந்த கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெடுத்தது. நவாப் காலத்து அந்த மாளிகையில் இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வழக்கு கேட்கிறது!

உங்கள் வீட்டில் முதலில் தேக்கு உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஈரமும் கரையானும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கெட்டுப்போன உத்தரத்தை மட்டும் மாற்றுங்கள், மொட்டைமாடி முழுவதையும் உடைக்க விடாதீர்கள்.