நிபுணர் வீடு பார்க்கிறார்

பிறர் கட்டிய வீட்டில் குற்றம் காண்பதற்கு நம் நாட்டில் ஆள் பஞ்சம் என்றைக்குமே இருந்ததில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்து, இலையில் பாயசம் விழுவதற்கு முன்பே, அடுப்பு அக்கினி மூலையில் இல்லையே என்று ஆயாசப்படும் பெரியப்பா, நிலைப்படியின் உயரத்தைத் தம் நெற்றியாலேயே அளந்துவிட்டுக் கொத்தனாரின் வம்சத்தை விசாரிக்கும் சம்பந்தி, அடுத்த தெருவில் தாம் கட்டிய வீட்டின் மகிமையை எடுத்துரைப்பதற்கென்றே இந்த வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்கும் மேஸ்திரி ஆகிய இவர்கள் எல்லோரும் இந்தப் பரோபகாரத்தை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் பிரதிபலன் கருதாமல் செய்து வருகிறவர்கள். ஆனால் இதே காரியத்துக்கு விமானச் சீட்டும், விடுதி அறையும், பொன்னாடையும், கடைசியில் ஒரு நன்றிக் கடிதமும் பெறுகிற பாக்கியசாலி ஒருவர் உண்டு. வீடமைப்புக்கும் கட்டடக் கலைக்கும் வழங்கப்படும் விருதுகளுக்கு நடுவராக அமரும் நிபுணரே அவர்.

அவரைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது சுலபம். உடை பெரும்பாலும் கறுப்பு. பாரதப் பண்பாட்டில் பற்று மிகுந்தவராயின், இஸ்திரிப் பெட்டியைக் கண்டறியாத கைத்தறி ஜிப்பா. மூக்குக் கண்ணாடி முழு வட்டம். கையில் எப்போதும் பென்சில்தான் இருக்கும். பேனா என்பது அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள முடியாதவர்களுக்கு உரியது என்பது அவருடைய சித்தாந்தம். நாமெல்லாம் ஒரு புது வீட்டைக் கண்டால் இரண்டடி முன்னே போவோம். அவரோ இரண்டடி பின்னே நகர்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். பின்னால் சாக்கடை இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கும் லௌகிக வழக்கம் அவரிடம் இல்லாமையால், அனுபவமுள்ள விழாக் குழுவினர் அவர் முதுகுக்குப் பின்னால் திடகாத்திரமான ஓர் இளைஞரை நிறுத்தி வைப்பதுண்டு.

அவர் அதிகம் பேசமாட்டார். குறுகிய ‘ம்’ ஒன்று, நெடிய ‘ம்ம்’ ஒன்று, மூச்சோடு கலந்து பாதியில் நின்றுவிடும் ‘ம்’ ஒன்று என்று அவரிடம் மூன்று தீர்ப்புகள் உண்டு. வீட்டைக் கட்டிய பொறியாளர் அந்த மூன்றையும் மனத்துக்குள் மொழிபெயர்த்தபடி, வியர்த்துக்கொண்டே கூட வருவார். சுவரைக் கண்டால் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஜன்னலைக் கண்டால், அதன் வழியாக என்ன தெரிகிறது என்று பார்க்காமல், அதன் வழியாக வரும் வெளிச்சம் தரையில் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். கக்கூசு எங்கே இருக்கிறது என்று அவர் ஒருபோதும் கேட்பதில்லை. சொந்தத் தேவை நெருக்கினால்கூட, அதைப் பற்றி விசாரிப்பது கலைக்கு அபசாரம் என்று பொறுத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிடுவார்.

இவர் தனித்து வருவதில்லை. ஐவராகவோ எழுவராகவோ குழுவாகத்தான் வருவார். ஒருவருக்குச் செங்கல் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஒருவர் எங்கே போனாலும் மழைநீர் எவ்விடம் போகிறது என்பதிலேயே இருப்பார். ஒருவர் அரசாங்க அதிகாரி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னொருவர், கட்டியவருடைய குருநாதரின் குருநாதரிடம் பாடம் கேட்டவர். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார். தலைவருக்கோ மூன்றாம் இடத்துக்கு வந்த கட்டடம்தான் உள்ளபடியே பிடித்திருக்கும். செங்கல்காரர் முதற்பரிசாகத் தேர்ந்ததை மழைநீர்க்காரர் ஏற்கமாட்டார், மழைநீர்க்காரர் தேர்ந்ததைச் செங்கல்காரர் ஏற்கமாட்டார். ஆகவே இருவருக்கும் பிடிக்காவிட்டாலும் இருவருக்கும் வெறுப்பில்லாத ஒன்று, சாப்பாட்டு நேரம் நெருங்கும் தறுவாயில், ஏகமனதாகப் பரிசு பெறும்.

பெரும்பாலான போட்டிகளில் இவர்கள் கட்டடத்தைக் காண்பதே இல்லை, படத்தைக் காண்கிறார்கள். அந்தப் படங்களுக்கென்று ஒரு சாஸ்திரம் இருக்கிறது. நேரம் அந்திப் பொழுதாக இருக்க வேண்டும். விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். மனிதர் இருக்கக் கூடாது. இருந்தே தீர வேண்டுமானால் ஒரு குழந்தை இருக்கலாம், அதுவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், முகம் தெரியலாகாது. வாசலில் செருப்பில்லை, கொடியில் துணியில்லை, குடமில்லை, காஸ் சிலிண்டரில்லை. குடியிருந்தவர்கள் அனைவரும் ஒரே முகூர்த்தத்தில் சந்நியாசம் வாங்கிக்கொண்டு, விளக்கை அணைக்க மறந்து, காசிக்குப் புறப்பட்டுவிட்டார்கள் என்றே தோன்றும்.

எல்லா நடுவர்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது தர்மமாகாது. 1977இல் நிறுவப்பட்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வழங்கப்படும் ஆகா கான் கட்டடக் கலை விருதில், படத்தை மட்டும் நம்பும் வழக்கம் கிடையாது. கட்டடம் குறைந்தது ஓராண்டாவது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும்; நடுவர் குழு முதலில் கூடிச் சிலவற்றைப் பொறுக்கி எடுத்த பின்பு, வேறு நிபுணர்கள் அந்தந்த இடத்துக்கே சென்று, அங்கே வாழ்கிறவர்களிடமும் விசாரித்து அறிக்கை கொடுக்க, அதன்மேல் குழு மறுபடி கூடித் தீர்ப்புச் சொல்லும். பெண் கொடுக்கும் முன்பு மாப்பிள்ளை வீட்டின் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் நம் வழக்கத்தை அவர்கள் எங்கிருந்து கற்றார்களோ தெரியவில்லை.

நடுவர்கள் செய்யாத பாவமும் அவர்கள் தலையில் விழுவதுண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்கென்று ஐம்பதுகளில் எழுப்பப்பட்ட புரூயிட் இகோ என்னும் குடியிருப்பு, பதினோரு மாடி கொண்ட 33 கட்டடங்களாக நிமிர்ந்து நின்று, பராமரிப்பின்றிச் சீரழிந்து, 1972இலிருந்து வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பெரிய விருது பெற்ற கட்டடம் அது என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதி, விருது கொடுத்த நடுவர்களைப் பரிகசித்துக்கொண்டே வந்தார்கள். உண்மையில் அதற்கு அப்படி ஒரு விருதை யாரும் கொடுக்கவேயில்லை. கொடுக்காத பரிசுக்காகவும் திட்டு வாங்குகிற உத்தியோகம் இது ஒன்றுதான்.

இனி, நம் நிபுணரை ஒரு கற்பனைக்காகப் பாப்பாரப்பட்டிக்கு அழைத்து வருவோம். தர்மபுரியிலிருந்து வரும் சாலையில், இருபுறமும் நிற்கும் புளிய மரங்களைக் கண்டு அவர் மனம் குளிர்ந்திருக்கும். அவருக்குக் காட்டப்படுவது, அரசாங்கத்தின் 2,10,000 ரூபாய் மானியத்தில் பிறந்து, நகைக் கடனில் வளர்ந்து, மாமனார் கொடுத்த கைமாற்றில் தளம் போட்ட ஒரு வீடு.

அந்த வீடு இதற்கு முன்பே ஒரு நடுவரைக் கண்டிருக்கிறது. அவர் பெயர் ஓவர்சியர். அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு தடவை, லிண்டல் மட்டத்தில் ஒரு தடவை, தளம் போட்டதும் ஒரு தடவை என்று அவர் வந்து கைபேசியில் படமெடுத்தால்தான் அடுத்த தவணை வங்கிக்கு வரும். அவருடைய படசாஸ்திரம் நேர்மாறானது. பூசாத சுவருக்கு முன்னால், உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் நின்றே ஆக வேண்டும். ஆள் இல்லாத படம் செல்லாது. உலகத்து விருதுப் படங்களில் காணாமற்போன மனிதர்கள் எல்லோரும் ஓவர்சியருடைய கைபேசிக்குள்தான் அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள் போலும்.

நம் நிபுணர் வழக்கம்போல் இரண்டடி பின்னகர்ந்து, சுவரைத் தடவிப் பார்த்து, உள்ளே கருங்கல் இருப்பதை விரல் நுனியாலேயே உணர்ந்து பரவசமாகிறார். தர்மபுரி மண்ணில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதைத் தலைமேற்கொண்டு கேரளத்தில் ஆயிரக்கணக்கானோருக்குச் சிக்கன வீடு கட்டிய லாரி பேக்கரை அவர் அந்தக் கணத்தில் ஸ்மரிக்கிறார். பிறகுதான் கல்லின்மேல் அரை அங்குலப் பூச்சும், பூச்சின்மேல் கிளிப்பச்சை வர்ணமும் அவர் பிரக்ஞைக்கு எட்டுகின்றன.

“இவ்வளவு அழகான கல்லை ஏனம்மா மறைத்துவிட்டீர்கள்?” என்று அவர் துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்கிறார்.

“கல்லு தெரிஞ்சா பணம் பத்தலைன்னு நெனைப்பாங்க சார்” என்கிறாள் வீட்டுக்கார அம்மாள்.

சமையலறையில் சிமெண்டு மேடை, எல்லா நிபுணர்களும் ஒப்புக்கொண்ட உயரத்தில், துடைத்து வைத்தபடி இருக்கிறது. அடுப்போ பின்வாசலில், தரையோடு தரையாக எரிந்துகொண்டிருக்கிறது. இடத்தை வீணடிக்கிறார்கள் என்று நிபுணர் குறித்துக்கொள்கிறார். அவர் கேழ்வரகுக் களி கிண்டிப் பார்த்ததில்லை. பானையைத் தாழ்வான அடுப்பில் வைத்து, கவைக்கோலால் அசையாமல் அழுத்திக்கொண்டு, துடுப்பை இரு கைகளாலும் பற்றி, உடம்பின் பாரம் முழுவதும் மாவில் இறங்கும்படி குனிந்து கிண்டினால்தான் களி கட்டி தட்டாமல் திரளும். இடுப்பளவு மேடையில் ஏற்றி வைத்துக் கிண்டினால், ஒன்று தோள்பட்டை கழலும், இல்லையேல் பானை கவிழும். மேடையில் தேநீர் போடலாம். வருகிற விருந்தாளிக்குக் காட்டலாம். பசிக்குச் சமைப்பது கீழேதான்.

மொட்டை மாடிக்குப் போகிறார்கள். புளிப் பருவமாதலால் கால் வைக்க இடமில்லை. ஓடு நீக்கிய புளி ஒரு பக்கம் காய்கிறது, இரண்டு பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் தூண்களின் இரும்புக் கம்பிகள் ஆகாயத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. துரு ஏறாமலிருக்கச் சிலவற்றின் தலையில் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொடி கட்டி, வேட்டியும் பள்ளிச் சீருடையும் உலர்கின்றன. நிபுணரின் நெற்றி சுருங்குகிறது.

“இந்தக் கம்பிகளை ஏன் இப்படியே விட்டிருக்கிறீர்கள்?”

“மேல ஒண்ணு எடுக்கணுங்க. பெரியவனுக்குக் கல்யாணம் ஆனா இடம் வேணுமில்லீங்களா?”

“பெரியவர் எங்கே வேலை பார்க்கிறார்?”

“ஏழாவது படிக்கிறானுங்க.”

நிபுணர் ‘பணி முடிவுறவில்லை’ என்று பென்சிலால் எழுதி, நான்கு மதிப்பெண்களைக் குறைக்கிறார்.

இந்த இடத்தில்தான் அவரோடு எனக்கு வழக்கு. பாலகிருஷ்ண தோஷி என்னும் மேதை, இந்தூர் நகரில் ஏறக்குறைய 60,000 பேருக்கென்று அரண்யா என்ற குடியிருப்பை வகுத்தபோது, மாதிரிக்கென்று 80 வீடுகளை மட்டுமே கட்டிக் காட்டினார். மிக வறியவர்களுக்குக் கொடுத்தது மனையும், அடித்தளமும், தண்ணீரும் கழிப்பிடமும் அடங்கிய ஒரு சிறு கருவும்தான். அறையும் மாடியும் படியும் பால்கனியும் அவரவர் வசதிக்கும் குடும்பத்துக்கும் தக்கபடி அவரவரே சேர்த்துக்கொள்ள விட்டுவிட்டார். முடிவுறாத அந்தப் பணிக்குத்தான் 1995இல் ஆகா கான் விருது கிடைத்தது. 2018இல் கட்டடக் கலையின் தலைசிறந்த கௌரவமான பிரிட்ஸ்கர் பரிசும் அவரைத் தேடி வந்தது, இந்தியர் ஒருவருக்கு முதன்முறையாக. ஏழாம் வகுப்புப் பையனின் கல்யாணத்துக்குக் கம்பி விட்டு வைக்கும் பாப்பாரப்பட்டி மேஸ்திரி, தோஷியின் பெயரைக் கேள்விப்படாமலே அந்தச் சித்தாந்தத்தில் தேறியிருக்கிறார். தோஷிக்கு மதிப்பெண் கொடுத்த அதே சாஸ்திரம் மேஸ்திரிக்கு நான்கைக் குறைப்பது எந்த நியாயம்?

முடியாத பணிக்கு மரியாதை செய்ய இந்த ஊருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சிறையில் தொழுநோயுற்று, ரயிலில் ஏற்றலாகாது என்று தடுக்கப்பட்டு, கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்று முழங்கிய தியாகி சுப்பிரமணிய சிவா, பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப விரும்பி நிலம் கண்ட இடம் இதுதான். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். 1925 ஜூலை 23இல் சிவா இங்கேயே கண்மூடினார், ஆலயம் எழவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அரசு அங்கே பாரத மாதா நினைவாலயம் கட்டி முடிக்கும் வரையில், அந்தக் கல்லை ஊரார் பாதியில் நின்ற வேலை என்று யாரிடமும் சொன்னதில்லை. நிபுணரின் விண்ணப்பப் படிவத்தில், பணி முடிந்த தேதி என்ற கட்டம் நிரப்பப்படாவிட்டால் மனு தள்ளுபடியாகும். ஒரு கட்டடம் தனக்குப் பின் வருகிறவர்களுக்கு என்ன வேலை மிச்சம் வைத்திருக்கிறது என்று கேட்கும் கட்டம் ஒன்றை அதில் சேர்த்தால், பரிசுப் பட்டியல் எவ்வளவோ மாறிவிடும். நடுவர்களுக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

நம் நிபுணர் கெட்டவரல்லர். படியிறங்கும்போது, கைப்பிடிச் சுவரில் தொங்கும் திருஷ்டி பொம்மை அவர் கண்ணில் படுகிறது. துருத்திய நாக்கும் முறுக்கிய மீசையுமாக இருக்கும் அதை நான்கு கோணங்களில் படமெடுத்து, “நாட்டார் கலையின் அற்புதமான வெளிப்பாடு” என்று மனமாரப் புகழ்கிறார். வருகிறவர் போகிறவர் கண் வீட்டின்மேல் விழாதிருக்கத்தான் அதை மாட்டியிருக்கிறோம் என்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வீட்டுக்கார அம்மாளுக்குக் கூச்சமாக இருக்கிறது. மோர் கொடுத்து உபசரிக்கிறாள். அவர் குடித்துவிட்டு, குறைத்த நான்கில் இரண்டைத் திருப்பிப் போட்டு, வீடு மொத்தத்தில் அபாரமாக இருக்கிறது, கண்ணை எடுக்க முடியவில்லை என்று ஊரார் முன்னிலையில் உரக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறுகிறார்.

கார் தெருமுனை திரும்பும் வரையில் அந்த அம்மாள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய், ஒரு கை கல்லுப்பும் ஏழு மிளகாயும் எடுத்து வந்து, கிழக்குப் பார்த்த சுவரிலிருந்து கம்பியின் தலை வரைக்கும் காட்டி மூன்று சுற்றுச் சுற்றி, பின்வாசல் அடுப்பில் போட்டாள். மிளகாய் துளியும் நெடி அடிக்கவில்லை. “பெரிய கண்ணுதான்” என்றாள்.