ஒரு நாள் ஆட்சியர்: கொக்கிரகுளத்திலிருந்து ஒரு மனு

பெறுநர்: சைபர் குற்றப் பிரிவு, தமிழ்நாடு காவல்துறை.

பொருள்: புகார் கொடுக்க வரும் பெண்களை அன்று ஒரு நாள் மட்டும் மாவட்ட ஆட்சியராகக் கருத வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

மனுதாரர் நெல்லை கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலக வாசலில், குறைதீர் நாளான திங்கள்தோறும் பிறருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர். சுலோச்சன முதலியார் பாலம் தாண்டி வருகிற பட்டா, முதியோர் உதவித்தொகை, கந்துவட்டி எல்லாம் அவர் பேனா வழியாகத்தான் உள்ளே போகின்றன. இப்போது செல்போனை நீட்டி, "இத எப்டிண்ணே எழுத?" என்று தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். படத்தில் முகம் அவர்களுடையது, உடம்பு யாருடையதோ.

2017 அக்டோபர் 23ஆம் தேதியும் திங்கள்தான். கந்துவட்டிக் கொடுமைக்கு மனுமேல் மனு கொடுத்து ஓய்ந்த ஒரு குடும்பம் இதே வளாகத்தில் தீக்குளித்தது. குழந்தைகள் இருவர் உட்பட நான்கு உயிர்கள் போயின. மறுநாள் கார்ட்டூனிஸ்ட் பாலா முகநூலில் ஒரு படம் போட்டார்: எரிகிற குழந்தை, அருகே முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர், உடம்பில் துணியில்லை, மானத்தை மறைக்கப் பணக்கட்டு. அப்போதைய ஆட்சியர் சந்தீப் நந்தூரி புகார் கொடுத்தார். நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை என்றும் பாராமல் நெல்லைக் காவலர்கள் சென்னைப் புறநகர் வரை போய், பாலாவைச் சுமார் 600 கிலோமீட்டர் கூட்டிவந்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, அதாவது மின்வடிவில் ஆபாசம். மறுநாளே நீதிமன்றம் ஜாமீனில் விட்டது வேறு கதை. அந்தச் சுறுசுறுப்பை மனுதாரர் இன்றும் வியக்கிறார்.

காரணம் இருக்கிறது. முந்தைய ஆண்டு சேலத்தில் இதே 67 நன்றாகத் தூங்கியது.

அங்கே 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை ஒட்டிய ஆபாசப் படம் முகநூலில் வந்தது. 2016 ஜூன் 23 அன்று பெற்றோர் சைபர் பிரிவுக்குப் போனார்கள். ஜூன் 27 அன்று அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். இடைப்பட்ட நாட்களில் நகர்ந்த பொருள் என்றால், தகப்பனாரிடமிருந்து காவலர் ஒருவர் வாங்கியதாகப் புகார் எழுந்த செல்போன் மட்டும்தான். பிறகு கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்; சில நாட்களிலேயே படத்தைப் போட்ட ஆளும் பிடிபட்டான். ஆக, பிடிக்கத் தெரியாமல் இல்லை.

ஆபாசமே இல்லாத கேஸும் உண்டு. 2024 ஏப்ரலில் திருமுல்லைவாயலில் மாடியிலிருந்து நழுவித் தகரக் கூரையில் தொங்கிய குழந்தையை அக்கம்பக்கத்தார் காப்பாற்றினார்கள். அந்த வீடியோவைப் பார்த்த ஊரெல்லாம் தாயைப் பழித்தது. மே மாதம், காரமடையில் பிறந்த வீட்டில், அந்தத் தாய் தற்கொலை செய்துகொண்டார். இதற்கு 67 செல்லாது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவையோ உச்ச நீதிமன்றம் 2015இலேயே நீக்கிவிட்டது. (நீக்கியது நல்லதுதான், இருந்திருந்தால் பாலா மேல் அதுவும் பாய்ந்திருக்கும்.)

தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ஆய்வாளருக்குக் குறைந்த யாரும் விசாரிக்கக் கூடாது. ஆய்வாளரோ பந்தோபஸ்தில் இருப்பார். அச்சட்டத்தின் 2021ஆம் ஆண்டு விதிகள், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் முகத்தை ஒட்டிய ஆபாசப் படத்தைச் சமூக ஊடக நிறுவனங்கள் எடுத்தாக வேண்டும் என்றன. அதைச் சொல்லிக் கொடுக்க வாசலில் மனுதாரரைத் தவிர ஆளில்லை. அவர் கூலி 50 ரூபாய்.

ஆகவே மேற்படிப் பெண்களை ஒரு நாள் ஆட்சியராகக் கருதி, ஞாயிறாயினும் வண்டி கிளப்புமாறு மனுதாரர் பணிந்து வேண்டுகிறார்.

இணைப்பு: படம் ஏதுமில்லை. மனுதாரருக்கு வரையத் தெரியாது என்பதால் அல்ல.